நசுக்கிக்கு வாய் கிடையாது

கடையில் அந்தப் பொம்மைப் பெட்டியை நீங்கள் பார்த்திருக்கலாம். மஞ்சள் நிற ரோடு ரோலர். சக்கரத்தை மடக்கி, முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு திருகு திருகினால் எழுந்து நின்று ரோபோவாகிவிடும். முதுகில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் கரகரத்த குரலில் உங்களைத் திட்டும். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். கீழ்மூலையில் ‘நசுக்கியின் குரல்’ என்று போட்டு, கைகட்டிச் சிரிக்கிற ஓர் ஆளின் படம் இருக்கும். அந்தப் படத்தை நம்பாதீர்கள். அந்த ஆள் நசுக்கிக்காக வாழ்நாளில் ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை.

அவன் எங்கள் டப்பிங் ஸ்டூடியோ முதலாளியின் மனைவிக்குத் தம்பி. முதலாளி மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, டீ கொண்டுவருகிறவர் உட்பட எங்கள் எல்லோருக்கும் அவன் மச்சானாகிவிட்டான். சொந்தக் குரலில் பேசினால் குக்கர் விசில் அடிப்பதுபோல இருக்கும். அந்தப் பெட்டியில் அவன் பல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இதை எழுத உட்கார்ந்ததே அந்த எரிச்சலில்தான்.

குரல் அக்காவுடையது. உடன்பிறந்த அக்கா இல்லை. ஸ்டூடியோவில் அவர் எல்லோருக்கும் அக்கா. ஒரு பெரிய துணிக்கடையின் வாசலில் பை கவுண்டரில் அவருக்கு வேலை. வருகிறவர்கள் பையை நீட்டுவார்கள். அக்கா அதை மரத்தட்டில் வைத்துவிட்டு டோக்கன் கொடுப்பார். போகிறவர்கள் டோக்கனை நீட்டுவார்கள்; பையை எடுத்துக் கொடுப்பார். நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டிவிடலாம். அந்த வேலையை அவர் தேடிப் பிடித்ததே அதற்காகத்தான்.

அக்காவின் குரல் சிறுவயதிலிருந்தே கனத்த ஆம்பளைக் குரல். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை, அமைப்பே அப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனை எடுத்து ஹலோ என்றால் மறுமுனையில் “சொல்லுங்க சார்” என்பார்கள். பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் முன்சீட்டில் இருப்பவர்கள் திரும்பி, பேசிய ஆளைத் தேடுவார்கள். அதனால் வெளியிடத்தில் பேசும்போது இடது கையால் வாயை மூடிக்கொண்டு பேசுவது அவருக்குப் பழகிவிட்டது. கையை வைத்து மூடினால் குரல் மெலிந்துவிடுமா என்ன? கேட்பவர்களுக்கு முகமாவது தெரியாமல் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

இதைப் பழக்கிவிட்டவர் அவருடைய அண்ணன். தண்ணீர் வரி ஆபீசில் குமாஸ்தா. பெண் கேட்டு யார் வந்தாலும், “நீ வாயைத் திறக்காதே, நான் பேசிக்கறேன்” என்பார். வந்தவர்கள் பெண் ஊமையோ என்று சந்தேகப்பட்டுப் போவார்கள். சிலர் இரண்டாம் தடவை வந்து, குரலைக் கேட்டுவிட்டுப் போவார்கள். அண்ணன் பேசிய லட்சணத்தில் கடைசிவரை கல்யாணமே நடக்கவில்லை. அக்கா அண்ணன் வீட்டிலேயே, சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் தங்கிவிட்டார்.

ஸ்டூடியோவுக்கு அவரைக் கொண்டுவந்தவர் எங்கள் சவுண்டுக்காரர். ஒலிப்பதிவு அவர் பொறுப்பு. ஒருநாள் அந்தத் துணிக்கடையில் டோக்கனோடு வரிசையில் நின்றிருக்கிறார். எவனோ அடுத்தவர் பையைத் தூக்கிக்கொண்டு நழுவப் பார்க்க, அக்கா கையை எடுத்துவிட்டு, “வெய்டா கீழ” என்று ஒரு சத்தம் போட்டாராம். கடையே அசையாமல் நின்றுவிட்டது. சேலை மடித்துக்கொண்டிருந்த பையன்கள்கூட சேலையைக் கீழே வைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் அக்கா எங்கள் ஸ்டூடியோவில் கும்பல் குரல் கொடுக்க வந்தார். படத்தில் கூட்டம் ஓடும்போது பின்னால் கத்துகிற குரல்கள் வேண்டும் இல்லையா, அந்த வேலை. ஆண்கள் பக்கம் நிறுத்தினார்கள்.

இனி என் பிழைப்பைச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வருகிற கார்ட்டூன்களுக்கு நம் மொழியில் வசனம் எழுதுகிறவன் நான். உதட்டைப் பார்த்து எழுதுகிற வேலை. திரையில் இருப்பவன் வாயை மூடும்போது நம் ஆளின் வாக்கியமும் முடிய வேண்டும். அவன் உதடு ஒட்டினால் இங்கே ‘ப’வோ ‘ம’வோ வர வேண்டும். உதட்டுக்குப் பொருந்தினால் போதும். அர்த்தம் அப்புறம் தானாக வந்து சேரும் என்பது எங்கள் முதலாளியின் கொள்கை.

அப்படி வந்ததுதான் அந்த ரோபோத் தொடர். வண்டிகள் ரோபோவாக மாறும், ரோபோக்கள் வண்டியாக மாறும், அடித்துக்கொள்ளும். பொம்மை விற்பதற்காக ஒரு பொம்மைக் கம்பெனியே எடுக்கிற தொடர். கதையென்று பெரிதாக ஒன்றும் கேட்கக்கூடாது. நல்ல கட்சிக்குத் தலைவன் வேகவீரன், பந்தயக் கார். கெட்ட கட்சிக்குத் தலைவன் பேரிருள், போர் விமானம். கெட்ட கட்சியில் ஹெலிகாப்டர், டாங்கி என்று ஆளாளுக்குப் பந்தாவான வண்டி. கடைக்கோடியில் ஒருத்தன், ரோடு ரோலர். சண்டை நடக்கிற இடத்துக்கு அவன் ஊர்ந்து வந்து சேர்வதற்குள் சண்டை முடிந்திருக்கும். முடியாவிட்டால் முதல் உதை அவனுக்குத்தான்.

அவனுக்கு நம் மொழியில் நசுக்கி என்று பெயர் வைத்தேன். அவனுக்காக நான் செய்த வேலை அவ்வளவுதான். ஏனென்றால் நசுக்கிக்கு வாய் கிடையாது. முகத்தில் கண்ணுக்கு இரண்டு சிவப்பு விளக்கு, அதற்குக் கீழே மொழுக்கென்று ஓர் இரும்புத் தகடு. எங்களுக்கு வந்த பிரதியில் அவன் பேசுகிற இடமெல்லாம் இஞ்சின் இரைச்சல்தான் கேட்டது. உதடு இல்லாவிட்டால் வசனம் இல்லை என்பது என் தொழில் விதி. ‘உறுமல்’ என்று எழுதிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டேன்.

உறுமுவதற்கென்று வர வேண்டியவர் அன்றைக்கு வரவில்லை. உறுமுவதற்கெல்லாம் பஸ் ஏறி வர முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டார். முதலாளி கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மைக்கில் சொன்னார்: “அக்கா, நீங்களே ரெண்டு உறுமல் போட்டுட்டுப் போயிடுங்க.”

ஒலிப்பதிவு அறையில் ஜன்னல் கிடையாது. பதிவின்போது ஏசியை நிறுத்திவிடுவோம், அதன் சத்தம் மைக்கில் ஏறும். வயிறு இரைந்தால்கூட ஏறும். அந்தப் புழுக்கத்தில் அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாக நின்றார். திரையில் வேகவீரன் ஓடிவந்து விட்ட உதையில் நசுக்கி மலையிலிருந்து உருண்டான். அக்கா உறுமினார், முனகினார், எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அடிவாரத்தில் மல்லாந்து கிடந்த நசுக்கி மேலே பார்த்தான். கொஞ்ச நேரம் அதே காட்சி. வாயில்லாதவன் பார்த்துக்கொண்டே கிடக்கிறான். அக்கா வாயை மூடியிருந்த கையை எடுத்தார்.

“இரு. எழுந்து வரேன்” என்றார்.

அதோடு நிறுத்தவில்லை. “ஓடிவந்து உதைக்கறதுக்குப் பேரு வீரமாடா? பளபளன்னு பெயின்ட் அடிச்சிக்கிட்டா நீ பெரிய இவனா? மூடியில்லாத டப்பா. வந்தேன்னா உன் போல்ட்டைக் கழட்டி உன் கையிலயே குடுப்பேன்.” காட்சி முடிகிறவரை விடவில்லை. சவுண்டுக்காரர் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது. முதலாளி என்னைப் பார்த்து, “இது யார் எழுதினது?” என்றார். நான் எழுதவில்லை என்றேன். “உதட்டுக்குப் பொருந்துதா?” என்றார். உதடே இல்லையே என்றேன். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. விட்டுவிட்டார்.

வெளியே வந்த அக்காவிடம், அந்த வசனம் எப்படி வந்தது என்று கேட்டேன். மறுபடி வாயில் கை வைத்துக்கொண்டார். “கீழ விழுந்தவன் வேற என்ன சொல்லுவான் ரைட்டரே? ஐயோ அம்மான்னு கத்தறதுக்கு அவன் என்ன ஹீரோவா?” என்றார்.

அதன் பிறகு ஊரில் பிள்ளைகள் இருக்கிற வீடெல்லாம் நசுக்கி பேச்சாகிவிட்டது. வேகவீரனை யாரும் சீண்டவில்லை. ஒவ்வொரு தடவையும் நசுக்கி உதைபட்டு விழுந்து “இரு, எழுந்து வரேன்” என்றால், டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் “வாடா நசுக்கி, வா” என்று கத்துவார்கள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியாது. பள்ளிக்கூட மைதானங்களில் விழுந்த பிள்ளைகள் அழாமல் அதைச் சொல்லிக்கொண்டு எழுந்தார்கள்.

நான் ஒரு வரி எழுதவில்லை. எல்லாம் அக்காவின் கைச்சரக்கு. பை கவுண்டரில் முந்தின நாள் எவனாவது டோக்கனை முகத்தில் வீசியிருந்தால், மறுநாள் காலை அது டாங்கிக்கு விழும். ஒருத்தி, “இது ஆம்பளையா பொம்பளையா தெரியலையே” என்று கூட வந்தவளிடம் கிசுகிசுத்துவிட்டுப் போனாள். அதற்கு ஹெலிகாப்டர் வாங்கிக்கட்டிக்கொண்டது. தன் தலைவன் பேரிருளை நசுக்கி பேசுகிற பேச்சு இருக்கிறதே, அது முழுக்க எங்கள் முதலாளிக்கு. “வேலை பூரா நான் செய்யணும், சிம்மாசனத்துல நீ சாஞ்சிக்கணும். உனக்கு முதுகு வலிச்சா நான் தைலம் தேய்க்கணுமோ?” என்று அக்கா மைக்கில் கேட்டபோது, முதலாளி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அறைக்குள் மட்டும் அக்காவின் கை வாய்ப்பக்கம் போகாது. உள்ளே போகும்போது ஒரு நடை, வெளியே வரும்போது இன்னொரு நடை.

பொம்மைக் கம்பெனிக்கு இங்கே மட்டும் ரோடு ரோலர் ஏன் இப்படி விற்கிறது என்று புரியவில்லை. மற்ற இடங்களில் அது கடைகளில் தேங்கிக் கிடக்கிற சரக்கு. விசாரித்திருக்கிறார்கள். குரல்தான் காரணம் என்று தெரிந்ததும், அந்தக் குரலில் பேசுகிற பொம்மை ஒன்று செய்கிறோம், குரல்காரரின் படம் அனுப்புங்கள் என்றார்கள். முதலாளி ஒரு நொடிகூட யோசிக்காமல் மச்சானின் படத்தை அனுப்பினார். இரும்பு வில்லனுக்குப் பை கவுண்டர்காரியின் படமா என்று நினைத்திருக்கிறார். எங்களுக்குத் தெரியும்போது பெட்டி அச்சாகிவிட்டது. அக்கா பெட்டியைக் கையில் வாங்கி, முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், மேசைமேல் வைத்தார். அன்றைக்குப் பதிவில் பேரிருளுக்குத் திட்டு கிடைக்கவில்லை. நசுக்கி வெறுமனே உறுமினான். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்து வந்தது அதைவிடப் பெரிய கூத்து. பொம்மை வெளியீட்டு விழா. ‘நசுக்கியை நேரில் சந்திக்கலாம்’ என்று விளம்பரம். கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வருகிறார். இதே ரோபோக்களை வைத்துப் பெரிய சினிமா எடுக்கிறார்கள், அதில் நசுக்கிக்கு யார் குரல் என்பதை அந்த அம்மாள் விழாவில் பார்த்துத்தான் முடிவு செய்வார். முதலாளி எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மச்சான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான்.

“மேடையில மச்சான் நிப்பான். திரைக்குப் பின்னாடி அக்கா பேசுவாங்க. இவன் வாயசைப்பான். ரைட்டர் வசனத்தை முன்னாடியே எழுதிக் குடுத்துடணும்” என்றார் முதலாளி.

அக்கா வாயை மூடிக்கொண்டு கேட்டார்: “நானே மேடையில நின்னா என்னங்க?”

“பசங்க ஏமாந்து போயிடுவாங்க அக்கா. நசுக்கின்னா பிரம்மாண்டமா இருக்கணும். அதுவுமில்லாம, இத்தனை நாளா பொய் சொன்னோம்னு தெரிஞ்சா, கம்பெனி தொடரையே வேற ஸ்டூடியோவுக்குத் தூக்கிக் குடுத்துடும். சவுண்டுக்காரர் குடும்பஸ்தர். ரைட்டரும் இருக்காரு. யோசிச்சுப் பாருங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “பொய் சொன்னது நீங்க. என்னைச் சாக்கு சொல்லாதீங்க. நான் எங்கயாவது போய்ப் பிழைச்சுக்குவேன்” என்றேன்.

“நீங்க பிழைச்சுக்குவீங்க. சவுண்டு?” என்றார் முதலாளி. சவுண்டுக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா அவரைப் பார்த்தார். தன்னை இந்த ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்த மனிதர். சரி என்று தலையாட்டிவிட்டார்.

அன்று அக்காவை வீடுவரை கொண்டுபோய் விட்டேன். கோபம் தணியாமல் அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, “நல்லதுதானே சார். திரைக்குப் பின்னாடின்னா யாருக்கும் தெரியாது. இவளுக்கும் கௌரவம், நமக்கும் கௌரவம்” என்றார். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் ஒரு நிமிடம் நின்று, பிறகு முன்னைவிடச் சத்தமாகக் கேட்டது.

வசனம் எழுதினேன். நான் எழுதியதைப் படித்துவிட்டு அக்கா, “ஆஸ்பத்திரியில ‘அமைதி காக்கவும்’னு எழுதி வெச்சிருப்பாங்களே, அது மாதிரி இருக்கு ரைட்டரே” என்றார். உண்மைதான். ஆனால் அக்கா ஒரே வசனத்தை இரண்டாம் தடவை அதேபோலச் சொல்கிற ஆள் இல்லை. எழுதி வைக்காவிட்டால் மச்சானால் வாயசைக்க முடியாது. ஒத்திகையில் அவன் கண்ணாடிமுன் நின்று வாயைக் கோணினான். “கொஞ்சம் மெதுவா பேசுங்க அக்கா, தாடை வலிக்குது” என்றான். வாயே இல்லாத ஒருவனுக்கு வாயசைக்க ஒருத்தன், அவனுக்குத் தாடைவலி வேறு. நான் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். இல்லாவிட்டால் அவன் தாடைக்கு நானே ஏதாவது செய்திருப்பேன்.

விழா நடந்தது ஒரு பெரிய பொம்மைக்கடையின் தரைத்தளத்தில், காலை வேளையில். மேடைக்குப் பின்னால் கறுப்புத்திரை. திரைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய சரக்கறை. அங்கே ஒரு ஸ்டூல், ஒரு மைக், மேடையைக் காட்டுகிற சின்ன டிவி. மதியம் கடைக்குப் போக வேண்டும் என்பதால் அக்கா துணிக்கடையின் நீல மேல்கோட்டோடே வந்திருந்தார். பக்கத்தில் வசனத் தாள்களோடு நான். அந்தப் பக்கம் சவுண்டுக்காரர்.

மச்சான் மஞ்சள் ஜாக்கெட்டில் மேடையேறினான். எழுதிய வசனம் வரைக்கும் ஒப்பேற்றிவிட்டான். பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள். முன்வரிசையில் கம்பெனி அம்மாள் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவர் பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் எழுந்து, “குழந்தைங்க இப்ப நசுக்கிகிட்ட என்ன வேணும்னாலும் கேக்கலாம்” என்றார்.

இதை முதலாளி யோசிக்கவே இல்லை. உதட்டுக்குப் பொருந்துமா என்று எல்லாவற்றையும் பார்த்தவர், பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள் என்பதைப் பார்க்கவில்லை. டிவியில் மச்சானின் முகம் வெளுத்ததைக் கண்டு எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் அவன் கில்லாடி. கையிலிருந்த பொம்மையைத் தூக்கி வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டான்.

“நசுக்கி, நீ ஏன் எப்பவும் தோத்துப் போறே?” என்று ஒரு பையன் கேட்டான்.

அக்கா தாள்களை என்னிடம் நீட்டிவிட்டார். “நான் போய்ச் சேர்றதுக்குள்ள அவனுங்க முடிச்சிடறானுங்க. நான் போட்டுக் குடுத்த ரோட்லதான்டா அந்த வேகவீரன் வேகமா போறான். இல்லன்னா பள்ளத்துல விழுந்து பல்லு போயிருக்கும்” என்றார். கூட்டம் சிரித்து ஓய்வதற்கு வெகுநேரம் ஆனது. அக்கா ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்து ஒரு சின்னப் பெண் எழுந்தாள். இரட்டைப் பின்னல். அவள் வாயைத் திறந்ததும் பக்கத்திலிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். கனத்த, கரகரத்த குரல்.

“என் குரல் ஆம்பளைக் குரல் மாதிரி இருக்குன்னு கிளாஸ்ல எல்லாரும் சிரிக்கறாங்க. என்னை நசுக்கின்னு கூப்பிடறாங்க. நான் என்ன செய்யணும்?”

கூட்டத்தில் சிரிப்பு. யாரோ ஒருத்தன் அவளைப் போலவே பேசிக் காட்டினான். மேடையில் மச்சானும் சிரித்தான். இறங்கிப் போய் அவள் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு மறுபடி சிரித்தான். அந்தப் பெண் இடது கையைத் தூக்கி வாயை மூடிக்கொண்டாள்.

சின்ன டிவியில் அதைப் பார்த்தபோது அக்காவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அதற்குள் முதலாளி சரக்கறைக்குள் ஓடிவந்துவிட்டார். “ஆம்பளைக் குரல் பொம்பளைக் குரல்னு எதையும் பேசிடாதீங்க. அடுத்த கேள்விக்குப் போயிடுங்க. ‘நல்லாப் படி பாப்பா’ன்னு சொல்லிட்டு விடுங்க” என்று கிசுகிசுத்தார். அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சவுண்டுக்காரரைப் பார்த்தார். அவர் இந்தத் தடவை செருப்பைப் பார்க்கவில்லை. மைக்கைத் தாங்கியிலிருந்து கழற்றி, சுருட்டியிருந்த வயரை அவிழ்த்து, அக்காவிடம் நீட்டினார்.

“இரு” என்றார் அக்கா மைக்கில். “எழுந்து வரேன்.”

“வாடா நசுக்கி, வா” என்று கடை முழுக்கக் கத்தியது. மச்சான் தாமதமாகப் பொம்மையை வாய்க்குக் கொண்டுபோனான். அக்கா திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனார். வயர் அட்டைப்பெட்டியில் மாட்டாமல் நான் பிடித்துக்கொண்டேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் செய்த உருப்படியான வேலை.

நீலக்கோட்டு போட்ட ஒரு நடுவயதுப் பெண் மேடையில் வந்து நின்றதும் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. சத்தம் அடங்கிவிட்டது. அக்கா மேடை விளிம்புவரை போய், அந்தச் சிறுமியைப் பார்த்தார்.

“கையை எடு” என்றார். நசுக்கியின் குரல், அந்தக் கோட்டுக்குள்ளிருந்து வந்தது. சிறுமி கையை எடுத்தாள்.

“எனக்கும் இதே குரல்தான். பொறந்ததுலேர்ந்து இதே குரல்தான். சிரிச்சவன் மூஞ்சியெல்லாம் பாத்து வெச்சுக்கோ, ஒவ்வொருத்தனையா நான் தகடாக்கிக்கறேன். நீ ஒண்ணு மட்டும் செய். உன் குரலை யாருக்கும் குடுத்துடாதே. நான் குடுத்தேன்.” அக்கா மச்சானைக் கை காட்டினார். “இதோ நிக்கறான் பாரு.”

மச்சான் பொம்மையை இன்னும் வாய்க்கு நேராகவே பிடித்துக்கொண்டிருந்தான். யாரும் கை தட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பிள்ளை, “அவன் நசுக்கி இல்லியா?” என்று கேட்டது. “இல்ல” என்று அந்தச் சிறுமி சொன்னாள், கனத்த குரலில், கையால் வாயை மூடாமல். பிறகுதான் கூச்சல் கிளம்பியது.

இதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். கம்பெனி அம்மாள் அக்காவின் கையைக் குலுக்கிவிட்டு விமானம் ஏறினார். அடுத்த மாதமே தொடரை வேறு ஸ்டூடியோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். முதலாளி எங்களை வெளியே அனுப்பினார். சவுண்டுக்காரர் இப்போது கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறார். என்னைவிட நன்றாக இருக்கிறார். சினிமாவும் வந்தது. நசுக்கிக்கு ஒரு பெரிய நடிகர் குரல். அதோடு விட்டார்களா? தகட்டை எடுத்துவிட்டு நசுக்கிக்கு வாய் வைத்திருக்கிறார்கள். பளபளவென்று உதடு, உதட்டுக்குப் பொருத்தமாக யாரோ என்னைப்போல ஒருத்தன் எழுதிய வசனம். படம் முழுக்கப் பேசுகிறான், ஒரு வார்த்தை மனதில் நிற்கவில்லை. நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

பெட்டியில் இன்னும் மச்சான்தான் சிரிக்கிறான். அண்ணன், நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய் என்று சொல்லி அக்காவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அவர் பேசாமல் இருப்பது வீட்டுக்கு நல்லது என்றுதான் எனக்குப் படுகிறது.

போன வாரம் அந்தத் துணிக்கடைக்குப் போனேன். துணி எடுக்க அல்ல. கவுண்டரில் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதிகம் நின்றார்கள். தண்ணீர்ப் பாட்டில், டிபன் பை என்று வைப்பதற்குத் தேவையே இல்லாதவற்றையெல்லாம் வைக்க வந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் டோக்கன் கொடுக்கும்போது அக்கா ஒரு திட்டு கொடுத்தார். “தொலைச்ச, உன்னை ரோட்ல ஒட்டிடுவேன்.” வாங்கியவன் பெருமையாகப் போனான். மேனேஜர் முதலில் முறைத்தாராம். பிள்ளைகளோடு அம்மா அப்பாவும் உள்ளே வருகிறார்கள் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டாராம்.

வரிசையில் அந்த இரட்டைப் பின்னல் பெண் நின்றிருந்தாள். கையில் பொம்மைப் பெட்டி. அதைக் கவுண்டரில் வைத்துத் திருப்பிக் காட்டினாள். கீழ்மூலையில் மச்சானின் முகம் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

“மூஞ்சியைச் சுரண்டிட்டேன்” என்றாள்.

“நகத்தாலயா?” என்றார் அக்கா.

“காசால.”

பின்னால் நின்ற ஒரு பெரிய மனிதர் இரண்டு குரல்களையும் கேட்டுவிட்டு, “என்ன, அம்மாவுக்கும் பொண்ணுக்கும் ஒண்ணா ஜலதோஷமா?” என்று சிரித்தார். சிறுமி அவர் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள்.

“உன் போல்ட்டைக் கழட்டி உன் கையிலயே குடுப்பேன்” என்றாள்.

அந்த மனிதர் ஓரடி பின்னால் நகர்ந்தார். அக்கா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. குரலைவிடக் கனமான சிரிப்பு. சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள், மாடிப்படியில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்காவின் ஒரு கையில் அந்தப் பெட்டி இருந்தது. இன்னொரு கை டோக்கனை நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் இருந்த இடத்திலேயே இருந்தன.